ஈ-டைப் காரின் ஹேண்ட் பிரேக்: கேபிளை இறுக்குவதற்கு முன்

உங்கள் கேள்வியின் சாரம் இது: 1966ஆம் ஆண்டின் 4.2 லிட்டர் ஜாகுவார் ஈ-டைப். ஹேண்ட் பிரேக் லிவரை உச்சிவரை இழுத்தாலும் வாசல் சரிவில் வண்டி நிற்காமல் நகர்கிறது. கேபிளை மரையின் கடைசிவரை இறுக்கியும் பயனில்லை. கேபிள் நீண்டுவிட்டது, புதிது போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். முதல் வேலையாக, இறுக்கிய கேபிளைத் தளர்த்துங்கள். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக்கைக் கெடுத்துக்கொண்டிருப்பதே அந்த இறுக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஈ-டைப் வைத்திருப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். டிரம் பிரேக் வண்டிகளில் பழகிய கை, லிவர் மேலே ஏறினால் கேபிளைத்தான் தேடும். இந்த வண்டியில் பேடின் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையின்) தேய்மானத்தை ஈடுகட்டுவது கேபிளின் வேலையே அல்ல.

ஏன் என்று புரிய, வண்டியின் பின்பகுதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஈ-டைப் வெளிவந்தபோது அதன் பின்பக்கம் இருந்தது, ஜாகுவாரின் பொறியாளர் பாப் நைட் உருவாக்கிய தனித்தனிச் சக்கரத் தொங்கல் அமைப்பு (சஸ்பென்ஷன்). எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல், ஸ்பிரிங்குகள், பிரேக்குகள் எல்லாம் ஒரே இரும்புக் கூண்டுக்குள் அடங்கியிருக்கும். கூண்டு ரப்பர் தாங்கிகள் வழியாக உடலோடு பொருந்தியிருக்கும். பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. நடுவில், டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஒட்டியபடி இருக்கின்றன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஓட்டும்போது அதன் அருமை தெரியும். பழுது பார்க்கும்போது அதற்கான விலையைக் கொடுக்கிறோம்: எதைத் தொட வேண்டுமானாலும் வண்டிக்கு அடியில் படுத்துக் கையை நீட்டித்தான் தொட வேண்டும்.

டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பாகம் காலிப்பர். கால் பிரேக்கின் காலிப்பர் ஒன்று, அதன்மேல் ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு சிறு காலிப்பர் என்று ஒவ்வொரு டிஸ்க்கிலும் இரண்டு இருக்கின்றன. ஹேண்ட் பிரேக் காலிப்பரில் எண்ணெய் அழுத்தம் கிடையாது. இரண்டு கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய பேட், அவற்றைச் சேர்த்து நெருக்கும் ஒரு நீண்ட போல்ட், அதை இழுக்கும் ஒரு லிவர், அவ்வளவுதான். அந்த லிவருக்குள் மூடியிட்ட சிறு அறை ஒன்று உண்டு. இந்த ஹேண்ட் பிரேக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அறைக்குள் பல் வெட்டிய நட் ஒன்றும், அதன் பல்லில் விழுந்து நிற்கும் சிறு நாக்கு ஒன்றும் இருக்கும். பேட் தேயாதவரை லிவர் கொஞ்ச தூரமே நகரும். நாக்கு அதே பல்லில் போய்வந்துகொண்டிருக்கும். பேட் தேயத் தேய லிவர் கூடுதல் தூரம் நகரும். ஒரு பல் அளவுக்கு மேல் நகர்ந்துவிட்டால் நாக்கு அடுத்த பல்லைப் பிடித்து நட்டைச் சற்றே திருப்பும். போல்ட் அந்த அளவு உள்ளே இழுக்கப்பட்டு இரண்டு பேட்களும் டிஸ்க்கை நெருங்கும். இப்படி, நாம் கையே வைக்காமல் இடைவெளி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

இது நடக்க ஒரு நிபந்தனை: ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கும்போது காலிப்பரின் லிவர் முழுமையாகத் தன் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பாதி தூரத்தில் நின்றுவிட்டால் நாக்கு பல் மாற இடமே கிடைக்காது. கேபிளை இறுக்கினால் நடப்பது அதுதான். காலிப்பரின் லிவர் எப்போதும் பாதி இழுத்த நிலையில் இருக்கும், ராட்செட் எனப்படும் இந்தப் பல்-நாக்கு அமைப்பு செத்துப்போகும். பேட் தேயும், உள்ளே இருக்கும் கை லிவர் மேலே ஏறும், நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள், ராட்செட்டுக்கு இன்னும் இடம் குறையும். கடைசியில் மரை தீர்ந்துபோய் உங்கள் வண்டி இப்போது இருக்கும் நிலைக்கு வந்து சேரும்.

இனி வேலை. ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டி என்பதை ஒரு கணமும் மறக்க வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். தூக்கியபின் கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் உங்கள் வண்டியில் இருந்தால் ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றதும் சேர்ந்தே சுற்றும். அதனால் எந்தப் பக்கம் பிடிக்கிறது, எந்தப் பக்கம் பிடிக்கவில்லை என்பதைச் சக்கரத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே வெளிச்சம் அடித்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுத்தான் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அளக்க வேண்டும்.

கேபிளின் பின்முனை, இரண்டு காலிப்பருக்கும் இழுவையைப் பகிர்ந்துகொடுக்கும் இணைப்பில் ஒரு கவையின் வழியாகச் சேர்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி, கேபிளில் நன்றாகத் தொய்வு வரும்வரை மரையைத் திருப்புங்கள். இப்போது இரண்டு காலிப்பர் லிவர்களையும் காலிப்பரை நோக்கிக் கையால் அழுத்துங்கள். முன்பு வராத அசைவு இப்போது வந்தால், அதுவரை அவை பாதியில் தொங்கிக்கொண்டிருந்தன என்று பொருள்.

அடுத்து ஒவ்வொரு லிவரையும் கையால் இழுத்து, முழுமையாக விட்டு, மறுபடி இழுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். ராட்செட் உயிரோடு இருந்தால் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுவிடும். பேட்கள் சரியான இடைவெளிக்கு வந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டு பக்கமும் இப்படி நின்றால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். இதோடு கேபிளை முறையாக வைத்துவிட்டால் பல வண்டிகள் அன்றைக்கே சரிவில் நிற்கத் தொடங்கிவிடும்.

சத்தமே வராவிட்டால் ராட்செட் இறுகிக் கிடக்கிறது. பிரேக் தூசி, மழைநீர், பிரிட்டன் சாலைகளில் குளிர்காலத்தில் தூவும் உப்பு எல்லாம் அந்தச் சிறு அறைக்குள் போய், பழைய கிரீஸோடு குழைந்து, டிஸ்க்கின் சூட்டில் வெந்து கட்டியாகிவிடும். வெளியிலிருந்து எண்ணெய் தெளித்து ஆட்டிப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லாத வழி. தெளித்த எண்ணெய் பேடில்தான் போய்ச் சேரும். கழற்றிச் சுத்தம் செய்வது ஒன்றே வழி.

இதற்காக முழுக் கூண்டையும் இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். கேபிள் இணைப்பைக் கழற்றி, மடக்கிய லாக் வாஷரின் காதுகளை நிமிர்த்தி, காலிப்பரைத் தாங்கும் இரண்டு போல்ட்களையும், பேட்களைப் பின்னுக்கு இழுக்கும் தகட்டையும் எடுத்துவிட்டால், ஹேண்ட் பிரேக்கின் இரு கைகளையும் டிஸ்க்கைச் சுற்றிப் பின்பக்கமாக நகர்த்தி, கூண்டின் பின்வழியே வெளியே எடுத்துவிடலாம். இடம் குறுகல், கை சிராய்க்கும், பொறுமை வேண்டும், ஆனால் ஆகும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பிரிக்காத பக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கட்டும். இரு பக்கத்து உதிரிகளையும் ஒரே தட்டில் கலந்துவிட்டால், நாக்கும் நட்டும் எந்தத் திசை பார்த்து இருந்தன என்பதை மீட்டெடுப்பது பெரும் சிரமம்.

பழைய தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். உங்கள் வண்டியில் இருப்பது எந்தக் காலத்துப் பேட் என்று தெரியாத நிலையில், பிரேக் கிளீனரால் நனைத்து ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

ராட்செட் அறையைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது நாக்கின் நுனி. அது கூர்மையாக, ஓரம் மழுங்காமல் இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் சுமை வரும்போது பல்லை விட்டு நழுவும். நட்டின் பற்களையும் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று நின்று உழைத்த ராட்செட்டில் இரண்டு மூன்று பற்கள் மட்டும் தேய்ந்து, மற்றவை புத்தம் புதிதாக இருக்கும். அப்படி இருந்தால் மாற்றிவிடுங்கள். நாக்கை அழுத்தும் ஸ்பிரிங்கும் லிவரைத் திருப்பி அனுப்பும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருந்தால் யோசிக்காமல் புதிது போடுங்கள். நீண்ட போல்ட்டின் மரையில் நட் விரலால் திருப்பினாலே ஓட வேண்டும். எங்காவது முரண்டினால் ராட்செட்டும் அதே இடத்தில் நின்றுவிடும். சேர்க்கும்போது அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். அப்பி வைத்தால் சூட்டில் உருகி டிஸ்க்குக்கு வரும்.

மாட்டுவதற்கு முன், போல்ட் தலையில் இருக்கும் வெட்டில் ஸ்குரூடிரைவரை வைத்துத் திருப்பி, பேட்களுக்கு நடுவே டிஸ்க்கின் தடிமனைவிடச் சற்றே அதிகமான இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் அகலமாக வைத்தால் ராட்செட் அந்தத் தூரத்தைக் கடந்துவர வெகு நேரம் பிடிக்கும். பேட் மாற்றுவதானால் பழைய பேடின் எந்த விளிம்பு மேலே இருந்தது என்று பார்த்துவைத்து, புதியதையும் அப்படியே பொருத்துங்கள். லாக் வாஷரைப் பழையதையே மறுபடி மடக்காதீர்கள். ஒருமுறை மடங்கி நிமிர்ந்த காது இரண்டாம் முறை ஒடியும். இங்கே போல்ட் கழன்றால் காலிப்பர் சுற்றும் டிஸ்க்கோடு சிக்கிக்கொள்ளும்.

பேட்களைப் பின்னுக்கு இழுக்கும் தகட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலிவான உதிரி, பலரும் அலட்சியமாகப் பழையதையே போட்டுவிடுகிறார்கள். அதன் விரல்கள் வளைந்தோ ஒடிந்தோ இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உரசல் சூடாகும், சூட்டில் பேடின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளப்பாகும், பளபளத்த பேட் எவ்வளவு நெருக்கினாலும் பிடிக்காது. அந்தச் சூடு பக்கத்திலேயே இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் சீலையும் விட்டுவைக்காது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இடது டிஸ்க்கின் உள்பக்கம் ஈரமாக மின்னுவதைக் கவனித்தீர்களா? அது பிரேக் ஆயிலா டிஃபரன்ஷியல் ஆயிலா என்று விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயிலுக்குக் கந்தக வாடை தூக்கலாக அடிக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். இந்த வண்டியில் இருக்கும் சாலிஸ்பரி வகை டிஃபரன்ஷியலில் இரண்டு பக்கத்து வெளியீட்டுத் தண்டிலும் சீல் உண்டு. டிஸ்க் அதற்கு நெருக்கத்திலேயே சுழல்வதால், சூட்டில் இறுகிய சீல் கசியத் தொடங்கியதும் ஆயில் நேராக டிஸ்க்கில் தெறிக்கும். ஆயில் குடித்த பேடைப் பெட்ரோலில் ஊறவைப்பதும் தீயில் வாட்டுவதும் வீண். அன்று பிடிப்பதுபோல் தோன்றும், சூடேறியதும் உள்ளே இருப்பது மறுபடி வெளியே வரும். பேட்களைத் தூக்கி எறிந்துவிடுங்கள், கால் பிரேக்கின் பேட்களையும் சேர்த்து.

சீல் கசிகிறது என்று உறுதியானால் என் அறிவுரை மாறும். அப்போது கூண்டை இறக்குவதுதான் நியாயம். சீலை மாற்ற அந்தத் தண்டையே வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது பேரிங்குக்குக் கொடுக்கும் முன்னழுத்தம் துல்லியமாக அமைய வேண்டும். இதை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்யக் கூடாது. இந்த டிஃபரன்ஷியலைச் செய்து பழகியவரிடம் கொடுங்கள். கழற்றும்போது டிஸ்க்கின் பக்கத்தில் இருக்கும் ஷிம்களை (மெல்லிய இடைத் தகடுகளை) எண்ணி, எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வையுங்கள். பின் சக்கரத்தின் சாய்வை நிர்ணயிப்பவை அவை. கூண்டு இறங்கிய சமயத்தில் ஹேண்ட் பிரேக், கால் பிரேக் காலிப்பர்கள், குழாய்கள், ரப்பர் தாங்கிகள் எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துவிடுவது நல்லது. செலவு கண்ணைக் கட்டும் என்பது உண்மை. ஆனால் அதே கூண்டை அடுத்த வருடம் மறுபடி இறக்கும் செலவு அதைவிடக் கனமானது.

டிஸ்க் நடுவில் இருப்பதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஹேண்ட் பிரேக் பிடித்து வைப்பது சக்கரத்தை அல்ல, டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான ஆக்சில் ஷாஃப்ட்டின் உள்முனையை. அங்கிருந்து சக்கரம்வரை தண்டை மடங்கவிடும் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்களும் பல் பொருத்தங்களும் இருக்கின்றன. அவை தேய்ந்திருந்தால் ஹேண்ட் பிரேக் முழுதாகப் பிடித்த பிறகும் வண்டி ‘டக்’ என்று ஒரு சிறு தூரம் உருண்டுதான் நிற்கும். நகர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் உருண்டு நின்றுவிடுகிறதா, தொடர்ந்து உருள்கிறதா? முதலாவதென்றால் காலிப்பரோடு ஜாயின்ட்களையும் ஆட்டிப் பாருங்கள். இந்த வண்டியில் ஆக்சில் ஷாஃப்ட்டே தொங்கல் அமைப்பின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. ஆகவே தேய்ந்த ஜாயின்ட் ஹேண்ட் பிரேக்கை மட்டும் பாதிக்கும் விஷயமல்ல. வண்டி வளைவில் போகும் விதத்தையே பாதிக்கும்.

எல்லாம் மாட்டியாயிற்று, ராட்செட்டின் ‘டிக்’ சத்தமும் நின்றாயிற்று என்றால்தான் கேபிளுக்கு வர வேண்டும். உள்ளே இருக்கும் லிவரை முழுவதும் இறக்கிவிடுங்கள். காலிப்பர் லிவர்கள் இரண்டும் முழுமையாகத் திரும்பியிருப்பதை அழுத்தி உறுதிசெய்யுங்கள். கேபிளின் நீளத்தை, காலிப்பர் லிவர்கள் அசையத் தொடங்கும் புள்ளிக்குச் சற்று முன்பே நிறுத்தி, லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு இரண்டு லிவர்களையும் ஒரே சமயத்தில் காலிப்பரை நோக்கி அழுத்துங்கள். பகிர்வு இணைப்பு குறிப்பிடத்தக்க அளவு நகர்ந்தால் கேபிள் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. சரியாக வைத்த கேபிளில் கொஞ்சம் தொய்வு கண்ணுக்குத் தெரியும். அந்தத் தொய்வைப் பார்த்ததும் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள், அது இருக்க வேண்டிய தொய்வு.

கேபிளையே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. உள்கம்பியில் ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலோ, வெளி உறை நசுங்கியிருந்தாலோ, காலிப்பர் பக்கம் கழற்றிவிட்டு இழுத்தால் வழுக்கிக்கொண்டு வராமல் முரண்டினாலோ மாற்றுங்கள். இந்தத் தடித்த கம்பி, ஹேண்ட் பிரேக் வேலை செய்யாத அளவுக்கு நீண்டுபோவது அபூர்வம்.

சோதிக்கும்போது, சரிவுக்குப் போகுமுன் ஒரு அரைமணி ஓட்டம் ஓட்டுங்கள். ஹேண்ட் பிரேக்கைத் தொடவே வேண்டாம். நின்றதும் வெப்பமானியால் இரண்டு டிஸ்க்குகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தெளிவாக அதிகம் சுட்டால் அங்கே ஏதோ உரசுகிறது. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றி, பேட்களை அகல விரித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தால், குற்றவாளி ஹேண்ட் பிரேக்கா, பின்வாங்காமல் நிற்கும் கால் பிரேக் பிஸ்டனா என்பது தெரிந்துவிடும்.

சரிவில் நிறுத்துவதில் ஒன்றைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். வேகமாக ஓட்டிவந்து டிஸ்க் கொதிக்கும் நிலையில் ஹேண்ட் பிரேக் போட்டால், டிஸ்க் ஆற ஆறச் சுருங்கும். கம்பியால் நெருக்கிய பிடியும் அந்த அளவு தளரும். நிறுத்தியபோது உறுதியாக நின்ற வண்டி, நீங்கள் வீட்டுக்குள் போய் வெகு நேரம் கழித்து உருளும். அதனால் எப்போதும் கியரில் போட்டு நிறுத்துங்கள், முன் சக்கரங்களையும் திருப்பி வையுங்கள்: இறக்கம் பார்த்து நின்றால் நடைபாதைக் கல்லை நோக்கி, ஏற்றம் பார்த்து நின்றால் கல்லுக்கு எதிர்ப்பக்கம். பிரிட்டனின் சாலை விதிநூலும் இதையே சொல்கிறது. சில நிமிடம் கழித்து லிவரை இன்னும் ஒரு பல் இழுத்துவிடுவதும் நல்லது.

2018 மே மாதம் முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு பிரிட்டனில் வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. உங்கள் ஈ-டைப்புக்கும் அந்த விலக்கு பொருந்தும். ஆனாலும் உங்கள் டிஃபரன்ஷியல் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை அல்ல என்றால், வேலை முடிந்ததும் ஒரு சோதனை நிலையத்தில் உருளை மேல் ஏற்றி அளக்கச் சொல்லுங்கள். இடது, வலது சக்கரங்களின் பிடி தனித்தனி எண்களாக வரும். கட்டணம் சொற்பம். இரு எண்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருந்தால் குறைந்த பக்கத்தின் ராட்செட்டை மறுபடி பாருங்கள். புதுப் பேட் போட்டிருந்தால் முதல் வாரத்தில் எண்கள் குறைவாகவே இருக்கும். பேட் டிஸ்க்கில் படிந்த பிறகு அளப்பதுதான் சரி. அதற்குள் மேற்பரப்பு தேய்ந்து உட்கார்ந்திருக்கும் என்பதால், அளப்பதற்கு முன் காலிப்பர் லிவர்களை மறுபடி ஒருமுறை ‘டிக்’ சத்தம் நிற்கும்வரை இழுத்து விட்டுவிடுங்கள். கேபிளைத் தொட வேண்டாம்.